பண்டிகை நாளில் பிறந்தவர்களுக்காக ஒரு கேள்வி பதில்

நான் பிறந்தது ஜனவரி 14, பொங்கலன்று. 22 வருடமாகத் தொடக்கப் பள்ளியில் டீச்சர். லீவில் பிறந்தநாள் வருகிற பிள்ளைகளை வருடாவருடம் பார்க்கிறேன், அதனால் இதில் எனக்கு அக்கறை அதிகம். கேளுங்கள்.

கேள்வி: டீச்சர், மகனுக்கு டிசம்பர் 27. மூன்றாம் வகுப்பு. ஒரு தடவைகூட கலர் டிரஸ் போட்டு வகுப்பில் சாக்லேட் கொடுத்ததில்லை என்று அழுகிறான்.

பதில்: சாக்லேட்டுக்காக அழவில்லை அவன். வகுப்பே எழுந்து கைதட்டிப் பாடுகிற அந்த இரண்டு நிமிடம் மற்ற எல்லாருக்கும் வந்தது, அவனுக்கு வரவில்லை. அரையாண்டுத் தேர்வின் கடைசி நாளில் கொடுத்து அனுப்பாதீர்கள், அன்றைக்குப் பிள்ளைகள் ஊருக்குப் போகிற நினைப்பில் இருக்கும், யாரும் கவனிக்காது. ஜனவரியில் பள்ளி திறக்கிற அன்று கலர் டிரஸில் அனுப்புங்கள், வகுப்பு டீச்சரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். என் வகுப்பில் மே மாதப் பிள்ளைகளுக்கு ஏப்ரலிலேயே பெயரைப் போர்டில் எழுதிப் பாடிவிடுவோம். ஐந்து நிமிட வேலைதான்.

கேள்வி: அக்கா, மகள் 2018 தீபாவளி அன்று பிறந்தாள். நட்சத்திரப்படி கொண்டாடினால் பண்டிகையிலிருந்து தள்ளி வரும் என்கிறார் மாமியார். வருமா?

பதில்: வராதும்மா. தீபாவளி ஐப்பசி அமாவாசையை ஒட்டி வருவது. அமாவாசை சமயத்தில் சூரியனும் சந்திரனும் ஒரே பக்கம் இருக்கும், அதனால் அன்று பிறக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் அஸ்தம், சித்திரை, சுவாதி இந்த மூன்றில் ஒன்றுதான் அமையும், அதே நட்சத்திரம் அடுத்த ஐப்பசியில் வரும்போது அமாவாசையும் இரண்டு மூன்று நாள் முன்பின்னாகக் கூடவே வந்துவிடும். விலகிப் போவது ஆங்கிலத் தேதிதான். 2018இல் தீபாவளி நவம்பர் 6, 2025இல் அக்டோபர் 20. நவம்பர் 6ஐப் பிடித்துக்கொள்ளுங்கள், பல வருடங்களில் அது அவளுக்கே அவளுக்கான நாளாக இருக்கும்.

பொங்கல் பிள்ளைகளுக்கு நேர் எதிர். தேதி பண்டிகையை விட்டு ஒரு நாளுக்கு மேல் நகராது, நட்சத்திரம் தை மாதத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் விழும். என் அம்மா எனக்கு நட்சத்திரத்தன்றுதான் அர்ச்சனை செய்து பாயசம் வைப்பார்.

கேள்வி: பண்டிகைத் துணியே மகளின் பிறந்தநாளுக்கும் போதும் என்கிறார் வீட்டுக்காரர். இரண்டு எடுக்க வசதியும் இல்லை.

பதில்: ஒன்றே எடுங்கள், தப்பில்லை. ஆனால் "உனக்கும் சேர்த்துத்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டே வளர்ந்தவள் நான், பக்கத்தில் தம்பியும் புதுச்சட்டையோடு நிற்பான், அப்புறம் எனக்கென்று என்ன இருக்கிறது என்று தோன்றும். பண்டிகைக்கு இருக்கிற நல்ல துணியைப் போடட்டும், புதுசைப் பிறந்தநாள் அன்று பிரியுங்கள். இரண்டும் ஒரே நாளில் வந்தால் அன்றைய சமையலாவது அவள் கேட்டதாக இருக்கட்டும்.

கேள்வி: டிசம்பர் 31க்கு கேக்?

பதில்: நாலு நாள் முன்பே பேக்கரியில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, அன்று மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள். சாயங்காலம் போனால் கையில் கிடைப்பது 'ஹேப்பி நியூ இயர்' கேக்தான்.

கேள்வி: எனக்கு 34 வயது, நாகர்கோவில், கிறிஸ்துமஸ் அன்று பிறந்தேன். ஆராதனை, விருந்து, உறவினர் என்று நாள் ஓடிவிடும், யாருக்கும் ஞாபகம் வராது. இந்த வயதில் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சப்படாதீர்கள் தம்பி. ஆர். எல். ஸ்டீவன்சன் என்ற எழுத்தாளர் சமோவா தீவில் இருந்தபோது, கிறிஸ்துமஸில் பிறந்த ஒரு சிறுமிக்கு இதே குறை இருப்பதை அவளுடைய அப்பா சொல்லியிருக்கிறார். ஸ்டீவன்சன் 1891இல் முறையாகப் பத்திரம் எழுதி, தன் பிறந்தநாளான நவம்பர் 13ஐ அவளுக்கே கொடுத்துவிட்டார். அவள் அதைச் சரியாகக் கொண்டாடாவிட்டால் உரிமை அமெரிக்க ஜனாதிபதிக்குப் போய்விடும் என்று நிபந்தனை வேறு! ஒரு பெரிய மனிதருக்கு அது பத்திரம் எழுதுகிற அளவுக்குப் பெரிய விஷயமாகப் பட்டிருக்கிறது. நீங்களும் ஒரு தேதி எடுத்துக்கொள்ளுங்கள், ஞானஸ்நானம் பெற்ற நாள்கூடச் சரிதான். யாராவது நினைவு வைப்பார்கள் என்று காத்திருக்காமல், வீட்டுக் காலண்டரில் நீங்களே வட்டம் போட்டு, அன்றைக்கு எனக்குப் பிறந்தநாள், எல்லாரும் சாப்பிட வாருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.