அக்கா தேர்தல் கேட்கிறார்

வணக்கம் ஐயா,
பார்சலோனாவின் மேயராக இருந்த அடா கொலாவைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எங்கள் ஊரிலும் நுண்கடன் கொம்பனிகளை எதிர்த்து நின்ற அக்கா ஒருவர் பிரதேச சபைக்குத் தேர்தல் கேட்கப் போகிறாராம். கதிரை கிடைத்தால் எல்லோரும் ஒன்றுதானே? கொலாவும் கடைசியில் அப்படித்தானே ஆனார்?
– ஒரு வாசகர், தருமபுரம்

அன்புள்ள தம்பி,
அவ்வளவு இலேசாகச் சொல்லிவிடாதீர்கள். ஸ்பெயினில் வங்கி வீட்டைப் பறித்த பிறகும் கடன் மிச்சம் நிற்கும். வீடும் போய், கடனும் கழுத்தில். அந்தச் சனங்களைச் சேர்த்துத்தான் 2009இல் கொலாவும் நண்பர்களும் இயக்கம் தொடங்கினார்கள். வீட்டைப் பறிக்க வந்தவர்களை வாசலில் மறித்தார்கள். 2013இல் நாடாளுமன்றக் குழுவின் முன் வங்கிகளின் பிரதிநிதியைக் 'குற்றவாளி' என்றே சொன்னார்.

வன்னியில் இது புரியாத கதையா? கிழமைக் கடன் சேர்க்கும் பையனின் மோட்டார் சைக்கிள் படலையடியில் நின்றதும், உலை கொதிக்கக் கொதிக்கப் பின்வேலியால் போய்விடும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அந்தப் பையனே பொங்கி வழிந்த உலையை இறக்கி வைத்துவிட்டுப் போனான். அவனும் சம்பளத்துக்கு ஓடுகிறவன்தான்.

2015இல் கொலா மேயரானபோது 41 ஆசனங்களில் அவருடைய அணிக்குக் கிடைத்தவை 11. பாதீடு நிறைவேற வேண்டுமென்றால் யாரிடமாவது போய் நிற்கத்தானே வேண்டும்? 2019இல், அங்கே அவரை எதிர்த்துப் போட்டியிட்ட பிரான்சின் முன்னாள் பிரதமர் மனுவல் வால்ஸ் தரப்பின் வாக்குகளும் சேர்ந்துதான் மறுபடி மேயரானார். அன்று சதுக்கத்தில் நின்றவர்கள் அவரைத் தூற்றினார்கள். எனக்கும் அது தொண்டையில் இறங்கவில்லை. ஆனால் அனுமதியில்லாத தங்குமிடங்களை விளம்பரப்படுத்திய, பயணிகளுக்கு வீடு வாடகைக்குப் பிடித்துக்கொடுக்கும் இணையத்தளமான ஏர்பிஎன்பிக்கு 2016இல் 6 இலட்சம் யூரோ தண்டம் போட்டதும் அவருடைய நிர்வாகம்தான். வாசலில் மறித்து நின்றவரால் அதைச் செய்திருக்க முடியாது.

உங்கள் அக்காவின் சிக்கல் வேறு. கரைச்சி பிரதேச சபையின் கையில் நுண்கடனும் இல்லை, காணியும் இல்லை. குப்பை, சந்தை, உள்வீதி, வீதி விளக்கு, நூலகம்: இவைதான். 2018இல் கலப்பு முறை (ஒரு பகுதியினர் வட்டாரத்தில் வென்றும், மிச்சம் பேர் கட்சிப் பட்டியலிலிருந்தும் வரும் முறை) வந்த பிறகு தனிப்பெரும்பான்மை கிடைக்காத சபைகளும் ஏராளம். ஆகவே தவிசாளர் தெரிவில் யாருக்குக் கை உயர்த்துவார் என்று இப்போதே கேட்டுவையுங்கள். இன்னொன்றும் கேளுங்கள். 25 வீதம் பெண்கள் வேண்டும் என்ற சட்டத்துக்காகக் கடைசி நேரத்தில் பெண்களைத் தேடி வீடு வீடாய் அலையும் கட்சிகளை நானறிவேன். இவருக்கு வட்டாரம் கொடுத்திருக்கிறார்களா, பட்டியலில் பெயர் மட்டுமா?

வட்டாரம் என்றால் எழுதுங்கள். துண்டுப்பிரசுரம் கொடுக்க நானும் வருகிறேன்.