எல்லா ஃபைலையும் என்க்ரிப்ட் செய்துவிட்டால், சேமிப்புத் தளம் நடத்துபவருக்குப் பொறுப்பே வராதா?

பெயர் சொல்லாமல் யார் வேண்டுமானாலும் ஃபைல் ஏற்றும் தளம் ஒன்றைத் தொடங்கி, 'உள்ளே இருப்பது எனக்கே தெரியாது' என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று கேட்கிறீர்கள். ஓரளவுக்குத்தான் முடியும்.

முதலில், என்க்ரிப்ட் செய்த, அதாவது பூட்டிய ஃபைலைத் திறக்கும் சாவி (ஒரு ரகசியக் குறியீடு) யார் கையில் இருக்கிறது? ஃபைல் சர்வருக்கு வந்தபிறகு என்க்ரிப்ட் செய்து சாவியையும் நீங்களே வைத்திருந்தால், டிஸ்க் திருடுபோனால் மட்டும்தான் பயன். நீதிமன்றம் கேட்டால் திறந்துதான் கொடுக்க வேண்டும். பிரவுசரிலேயே என்க்ரிப்ட் செய்து, சாவியை லிங்க்கில் # குறிக்குப் பின்னால் வைப்பது நல்ல வழி. அந்தப் பகுதியை பிரவுசர் சர்வருக்கு அனுப்பாது. 2013இல் வந்த மெகா என்ற ஃபைல் சேமிப்புத் தளம் இப்படித்தான் செய்தது. (பிரவுசரில் ஓடி என்க்ரிப்ட் செய்யும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை அனுப்புவது உங்கள் சர்வர்தான், அதை மாற்றினால் சாவியைப் பிடித்துவிடலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.)

சட்டம் வேறு கேள்வி கேட்கும். ஏய்ம்ஸ்டர் என்ற ஃபைல் பகிர்வுச் சேவை உங்கள் வாதத்தையே முன்வைத்தது: எல்லாம் என்க்ரிப்ட் ஆகியிருக்கிறது, யார் எதைப் பகிர்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. 2003இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அது எடுபடவில்லை. வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்வதும் தெரிந்திருப்பதற்குச் சமம் என்றார் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர். என்க்ரிப்ஷன் மட்டும் அவர்களை மாட்டிவிடவில்லை. பயனர்களுக்கான விளக்கப் பக்கத்தில் உதாரணமாகக் காட்டியதெல்லாம் பதிப்புரிமை உள்ள பாடல்கள்! ஆகவே உங்கள் முகப்புப் பக்கத்தில் 'இங்கே யாரும் பிடிக்க முடியாது' என்கிற தொனியில் ஒரு வரிகூட இருக்கக் கூடாது.

அடுத்தது புகார். அமெரிக்காவின் 1998 டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டமோ, ஐரோப்பாவின் டிஜிட்டல் சேவைகள் சட்டமோ, ஃபைலை வைத்திருக்கும் தளத்துக்குப் பாதுகாப்பு தருவது, தெரியவந்ததும் அதை நீக்குகிற வரைக்கும்தான். புகார் சொல்பவர் பெரும்பாலும் முழு லிங்க்கையும் அனுப்புவார். அதில் சாவியும் இருக்கும். அந்த நிமிடத்தோடு 'தெரியாது' முடிந்தது. நல்லவேளையாக, நீக்குவதற்குத் திறந்து பார்க்கத் தேவையில்லை, ஃபைலின் எண் போதும். ஆனால் அதே ஃபைலைப் புதிய சாவியோடு மறுபடி ஏற்றினால் ஹாஷ் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற அடையாளம்) மாறிவிடும், நீக்கிய ஃபைல்களின் ஹாஷ்களை வைத்திருக்கும் தடைப்பட்டியல் அதைப் பிடிக்காது. என்க்ரிப்ஷனுக்குக் கொடுக்கும் விலை இது.

நடைமுறையில் வழக்குக்கு முன்பே வேறு இடத்தில் அடி விழும். மொசில்லா நிறுவனத்தின் ஃபைல் அனுப்பும் சேவையான ஃபயர்ஃபாக்ஸ் செண்டில் என்க்ரிப்ஷன், காலாவதி, பதிவிறக்க வரம்பு எல்லாம் இருந்தன. புகார் செய்ய வழி இல்லை. மால்வேர் பரப்புகிறவர்கள் புகுந்ததும் 2020இல் மொசில்லாவே மூடிவிட்டது. உங்கள் சர்வரை வாடகைக்குத் தருபவர் அவ்வளவு நாள்கூடப் பொறுக்க மாட்டார்.

அதனால் புகார் மின்னஞ்சலையும் நீக்கும் பொத்தானையும் முதலில் கட்டுங்கள். அப்புறம் சில நாட்களில் தானாக அழியும்படி வையுங்கள், யார் எப்போது வந்தார்கள் என்பது போன்ற தேவையில்லாத பதிவுகளை (லாக்) வைக்காதீர்கள். ஆரம்பிக்கும் முன் உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள், குறிப்பாகக் குழந்தைகள் தொடர்பான சட்டவிரோதப் படங்கள் பற்றிப் புகார் வந்தால் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று.