ஐந்து நாள் விடுப்பில் எத்தனை ஊர் பார்க்கலாம்?

கேள்வி: எங்களுக்குக் காவேரிப்பட்டணம். ஓசூரில் ஓர் உதிரிபாக ஆலையில் வேலை செய்கிறேன். பிடித்தம் போக 31,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்து மாதம் 6,000 வரை சம்பாதிக்கிறார். மகன் ஏழாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு. எங்களோடு இருக்கும் அம்மாவுக்கு 63 வயது. இன்றுவரை கடலைப் பார்த்ததில்லை. எனக்கு ஆண்டுக்கு 14 நாள் விடுப்பு. அதில் 9 நாள் கல்யாணம், காதுகுத்து, காய்ச்சல் என்று போய்விடும். வார விடுமுறை ஞாயிறு மட்டும். ஷிஃப்ட் வாரந்தோறும் மாறும். மதியம் இரண்டரைக்கு முடியும் முதல் ஷிஃப்டுக்கு அடுத்த வாரம், இரண்டரைக்குத் தொடங்கும் இரண்டாம் ஷிஃப்ட்.

போன மாதம் எங்களை ஓர் ஓட்டலுக்கு இரவு விருந்துக்கு அழைத்து, விடுமுறை விடுதி உறுப்பினர் திட்டம் ஒன்றை விளக்கினார்கள். மொத்தம் 2,40,000 ரூபாய். முன்பணம் 40,000, மீதி மாதம் 5,000 வீதம் 40 மாதம். 25 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 7 இரவு தங்கலாம். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 12,000. அன்றே 5,000 கொடுத்துப் பதிவு செய்துவிட்டேன். மாடி கட்டுவதற்காக லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று போட்டு வருகிறேன். அதைத் தள்ளி எடுத்தால் 80,000 வரும். அதிலிருந்து முன்பணத்தைக் கட்டிவிடலாமா? வேண்டாம் என்றால், எங்களைப் போன்றவர்கள் ஊர் பார்ப்பதற்கு வேறு என்ன வழி?

பதில்: கட்ட வேண்டாம். சீட்டையும் எடுக்க வேண்டாம். அம்மாவுக்குக் கடலைக் காட்ட உங்களுக்கு 2,40,000 ரூபாய் தேவையில்லை. ஒரு நாள் விடுப்புகூடத் தேவையில்லை. எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்தத் திட்டத்தின் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள்.

2,40,000 ரூபாய் வங்கி வைப்பில் இருந்தால், ஆண்டுக்கு 6.5 சதவீதம் என்று வைத்தாலும் 15,600 ரூபாய் வட்டி வரும். திட்டத்தில் சேர்ந்தால் அந்த வட்டி உங்களுக்கு இல்லை. அதன்மேல் பராமரிப்புக் கட்டணம் 12,000. ஆக ஆண்டுக்கு 27,600. ஏழால் வகுத்தால் ஓர் இரவுக்கு 3,900 ரூபாய்க்கு மேல் வருகிறது. ரயில், சாப்பாடு எல்லாம் தனி. உங்கள் குடும்பம் தன் காசில் வெளியூர் போனால் இந்த வாடகைக்கு அறை எடுக்குமா? 1,200, 1,500 ரூபாய் அறையே உங்களுக்குப் போதும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். நீங்கள் எங்கும் போகாத ஆண்டுக்கும் அதைக் கட்டியாக வேண்டும்.

இதைவிடப் பெரிய தடை உங்கள் விடுப்பில் இருக்கிறது. ஞாயிறு புறப்பட்டு அடுத்த ஞாயிறு திரும்பினால்தான் 7 இரவு கிடைக்கும். இடையில் ஆறு வேலை நாள். உங்களிடம் மிஞ்சுவதோ ஐந்து. 25 ஆண்டுக்கு நீங்கள் விலை பேசியிருக்கும் அந்த வாரம் உங்கள் நாள்காட்டியிலேயே இல்லை. பணம் குறைந்தால் கடனாவது வாங்கலாம், விடுப்பை யாரிடமும் கடன் வாங்க முடியாது. அதனால் உங்களைப் போன்றவர்கள் எந்தப் பயணத்தையும் இரண்டு விலையில் எடை போட வேண்டும்: எத்தனை ரூபாய், எத்தனை நாள் விடுப்பு. இரண்டாவது விலையை அந்த ஓட்டலில் யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

சீட்டு விஷயம் சுருக்கமாக. 80,000-க்குத் தள்ளி எடுத்தால் 20,000 விட்டுக்கொடுக்கிறீர்கள். இருபது பேர் சீட்டு என்றால் உங்கள் பங்காகத் திரும்பி வருவது அதில் அதிகபட்சம் ஆயிரம்தான். மாடிக்கென்று போட்ட சீட்டு மாடிக்கே இருக்கட்டும்.

கொடுத்த 5,000 ரூபாயை நினைத்து மேலும் 2,35,000 கட்டிவிடாதீர்கள். இந்த வாரமே, திட்டத்தில் சேர விருப்பமில்லை, பதிவுத் தொகையைத் திருப்பித் தாருங்கள் என்று ஒப்புகையுடன் விரைவுத் தபால் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். ரசீதையும் அன்று கையெழுத்திட்ட தாளின் நகலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தொகை திரும்பி வந்தால் நல்லது. வராவிட்டாலும் இழப்பு ஐயாயிரத்தோடு நிற்கட்டும்.

இனி ஊர் பார்க்கும் வழிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஷிஃப்ட் பற்றியது. முதல் ஷிஃப்ட் சனிக்கிழமை மதியம் இரண்டரைக்கு முடிகிறது. அடுத்த வாரம் இரண்டாம் ஷிஃப்ட், திங்கள் மதியம் இரண்டரைக்குத் தொடங்குகிறது. இடையில் 48 மணி நேரம் முழுக்க உங்களுடையது. விடுப்புச் சீட்டு எழுத வேண்டாம், மேற்பார்வையாளரிடம் போய் நிற்க வேண்டாம். இந்த 48 மணி நேரம் சில வாரங்களுக்கு ஒருமுறை தானாக வந்துகொண்டே இருக்கிறது. இதுவரை அதைத் தூங்கியும் கறி எடுத்துச் சமைத்தும் கழித்திருப்பீர்கள். உழைக்கிற உடம்புக்கு அதுவும் வேண்டியதுதான். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் அதை எனக்குக் கொடுங்கள்.

பெங்களூருவிலிருந்து நாகர்கோவில் போகும் எக்ஸ்பிரஸ் ஓசூர், தருமபுரி, சேலம், நாமக்கல், கரூர், மதுரை வழியாக இரவு முழுக்க ஓடிக் காலையில் நாகர்கோவில் சேர்கிறது. கிருஷ்ணகிரிக்கு ரயில் இல்லை என்று நாம் காலங்காலமாகக் குறைப்பட்டுக்கொள்கிறோம், குறை நியாயமானது. ஆனால் பக்கத்துத் தருமபுரியில் நிற்கும் இந்த ரயில் உங்கள் ஷிஃப்டுக்கென்றே விட்டதுபோல் இருக்கிறது. சனிக்கிழமை ஆலையிலிருந்து வீட்டுக்கு வந்து குளித்து, எல்லோருமாகப் பஸ்ஸில் தருமபுரி போய் ஏறுங்கள். ஞாயிறு காலை நாகர்கோவில். அங்கிருந்து கன்னியாகுமரி சுமார் 20 கிலோமீட்டர். குளித்து உடை மாற்றவும் மதியம் அம்மா காலை நீட்டிப் படுக்கவும் ஓர் அறையைப் பகலுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படகில் விவேகானந்தர் பாறைக்குப் போனால், 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலைக்கு இப்போது கண்ணாடிப் பாலத்தில் நடந்தே போகலாம்; 2024 டிசம்பரில் திறந்தார்கள். பிள்ளைகளுக்கு அது போதும். அம்மாவுக்குக் கரையில் உட்கார நேரம் விடுங்கள். மாலை திரும்பும் ரயில், திங்கள் விடியலில் தருமபுரி. பிள்ளைகள் பள்ளிக்குப் போகலாம், நீங்கள் ஒரு தூக்கம் போட்டு இரண்டரை மணி ஷிஃப்டுக்குப் போகலாம். ரயில் தாமதமானாலும் அரை நாள் கையில் இருக்கிறது.

செலவு? ஐந்து பேருக்கும் போக வர ஸ்லீப்பர் டிக்கெட் 4,000 ரூபாய்க்குள் அடங்கும். மகளுக்கு 12 வயது ஆகாததால், தனிப் படுக்கை வேண்டாம் என்றால் அரை டிக்கெட் போதும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கு முழுக் கட்டணம்தான். அறை, படகு, சாப்பாடு சேர்த்து மொத்தம் 6,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவும் ரயிலிலேயே கழிவதால் விடுதி வாடகை மிச்சம்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. உங்கள் ஷிஃப்ட் ஒழுங்காகச் சுற்றி வருவதால், 60 நாள் கழித்து எந்தச் சனிக்கிழமை உங்களுக்கு வாய்க்கும் என்று இன்றே எண்ணிவிடலாம். காலண்டரில் அந்தச் சனிக்கிழமைகளை வட்டமிட்டு வையுங்கள். தட்கலை நம்ப வேண்டாம். கட்டணமும் கூடுதல், உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் காசும் திரும்பாது.

அடுத்தது, ஒரு நாள் விடுப்பில் மூன்று நாள். 2026-இல் அக்டோபர் 2 வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை மட்டும் விடுப்பு எடுத்தால் ஞாயிறோடு மூன்று நாள் ஆகிறது. 2027-இல் ஜனவரி 26 செவ்வாய். திங்கள் ஒரு நாள் போதும். இப்படி ஒரு விடுமுறைக்கு, விஜயநகரப் பேரரசின் தலைநகராக இருந்த ஹம்பி போய் வரச் சொல்வேன். பெங்களூருவில் இரவு ரயில் ஏறினால் காலையில் ஹொசப்பேட்டை. அங்கிருந்து ஹம்பி பஸ்ஸில் சிறிது தூரம்தான். 8,500 ரூபாய் ஒதுக்குங்கள். ஏழாம் வகுப்புப் பையனுக்குச் சொல்லிக் காட்ட ஏற்ற ஊர் அது. போவதற்கு முன் ஒரு ஞாயிறு காலை வெயிலுக்கு முன்பாகக் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு அவனை ஏற்றிவிடுங்கள். நம் தலைக்கு மேலேயே இருக்கும் கோட்டைக்கும் விஜயநகரத்துக்கும் உள்ள தொடர்பு அவனுக்கு அங்கேயே புரியத் தொடங்கும்.

பக்கத்து ஊர்களை நான் பயணக் கணக்கில் சேர்ப்பதில்லை, அவை ஞாயிற்றுக்கிழமைகள். கே.ஆர்.பி. அணை, தீர்த்தமலை, தளி, ஏலகிரி எல்லாம் சாப்பாடு கட்டிக்கொண்டு போய் வரலாம். சாதாரண நகரப் பேருந்தில் அம்மாவுக்கும் மனைவிக்கும் மகளுக்கும் கட்டணமே இல்லை. ஒகேனக்கல் மட்டும் கேட்டுவிட்டுப் போக வேண்டிய இடம். கர்நாடக அணைகள் திறந்து நீர்வரத்து கூடும் நாட்களில் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடுவார்கள். காசும் ஞாயிறும் வீணாகும்.

பணத்தை எங்கிருந்து எடுப்பது? மாதம் 5,000 தவணை கட்டத் துணிந்தவர் நீங்கள். அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். சம்பளம் விழும் வங்கியிலேயே மாதம் 1,000 ரூபாய்க்கு ஓராண்டுத் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்குங்கள். சம்பளம் வந்த மறுநாளே தொகை தானாக எடுக்கப்பட வேண்டும். ஆண்டுக்கு 12,000. அதோடு தீபாவளி போனஸில் 5,000 எடுத்து வைத்தால் 17,000. கன்னியாகுமரி 6,500, ஹம்பி 8,500, ஞாயிறுகளுக்கு 2,000, சரியாகிவிட்டது. அஞ்சலகத் தொடர் வைப்பு நல்ல திட்டம்தான், ஆனால் அது ஐந்தாண்டு. மூன்றாண்டுக்கு முன் முடிக்க முடியாது. இந்தத் தேவைக்குப் பொருந்தாது. வங்கியில் ஓராண்டுக்கு வட்டி சில நூறு ரூபாய்தான் வரும். வட்டிக்காக இதைச் சொல்லவில்லை. தனியாக ஒரு கணக்கில் இருந்தால், மொய் எழுதவும் பள்ளிக் கட்டணத்துக்கும் அதிலிருந்து கை வைக்கத் தோன்றாது. மருத்துவச் செலவுக்கென்று வைத்திருக்கும் தொகையையும் இதையும் கலக்காதீர்கள்.

தனிநபர் கடனில் சுற்றுலா போவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்பவர்கள் நிறைய இருப்பதால் ஒரு கணக்கு. 60,000 ரூபாயை 14 சதவீத வட்டியில் இரண்டாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 2,880. வட்டி மட்டும் 9,000 ரூபாய்க்கு மேல். அந்த வட்டியில் உங்கள் குடும்பம் ஹம்பிக்கே போய் வந்துவிடும்.

வரிச் சலுகைக்காக ரயில் டிக்கெட்டுகளைச் சேர்த்து வைக்கச் சொல்லி ஆலையில் யாராவது சொல்லியிருக்கலாம். விடுப்புப் பயணச் சலுகை பழைய வரி முறையில்தான் உண்டு. புதிய முறையில் உங்கள் வருமானத்துக்கு வரியே வராது.

கணக்கு இப்போது இப்படி நிற்கிறது: கன்னியாகுமரிக்கு விடுப்பு இல்லை, ஹம்பிக்கு ஒரு நாள். ஐந்தில் நான்கு மிச்சம். ஆலைத் தொழிலாளிக்கு ஈட்டிய விடுப்பு 30 நாள் வரை அடுத்த ஆண்டுக்குச் சேரும். மிஞ்சிய நான்கு நாளும் அதில் சேருமா என்று பணியாளர் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்தால் அடுத்த மே மாதம், பிள்ளைகளின் விடுமுறையில், ஐந்தாறு நாள் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் நிதானமாகப் போகலாம். அதற்கான பணத்துக்கு ஏலச்சீட்டு முடிந்த பிறகு மாதம் இன்னொரு 1,000 சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போதைக்கு நாகர்கோவில் டிக்கெட்தான். முன்பதிவு திறக்கும் நாளிலேயே ஐந்து பேருக்கும் சேர்த்து எடுங்கள். படிவத்தில் அம்மாவின் வயதைச் சரியாகக் குறிப்பிட்டு, அவருக்குக் கீழ்ப் படுக்கை கேளுங்கள்.