சிறிய அவுட்போர்டு (பின்பலகையில் வெளியே மாட்டும் எஞ்சின்) படகுப் பந்தயத்தில் புதிதாக இறங்குபவர் பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் வாங்கலாமா, புதிய ஃபோர்-ஸ்ட்ரோக் நல்லதா?

முதலில் நீங்கள் ஓட்டப்போகும் வகுப்பின் விதிப்புத்தகத்தைப் பாருங்கள். பல வகுப்புகளில் அனுமதிக்கப்பட்ட எஞ்சின் மாடல்களே பட்டியலாக இருக்கும். பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டுக்கும் இடமிருந்தால், எடை முக்கியம். ஒரே குதிரைத்திறனில் டூ-ஸ்ட்ரோக் பெரும்பாலும் சில கிலோ குறைவு. சின்னப் படகின் பின்பலகையில் அது நன்றாகவே தெரியும். திருப்பம் முடிந்து வேகமெடுக்கும்போது இன்னும் தெரியும்.

ஆனால் பழையதைச் சோதிக்காமல் வாங்காதீர்கள். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, வயர்களை எர்த் செய்து, த்ராட்டிலை முழுதாகத் திறந்து, கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் (உள்ளே உருவாகும் அழுத்தம்) பாருங்கள். சிலிண்டர்களுக்குள் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். அளவு சரியாக இருந்தாலும் எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டனில் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கார்புரேட்டர் ஜெட்டில் பழைய பெட்ரோல் பிசின் அடைத்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து, அதில் கலந்து வரும் எண்ணெயும் குறைந்து, முழு வேகத்தில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் ஹோஸ், வாட்டர் பம்ப் இம்பெல்லர் (எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் தள்ளும் ரப்பர் சக்கரம்) இரண்டையும் கேள்வியே இல்லாமல் மாற்றுங்கள். உதிரிபாகம் இன்னொரு தலைவலி: எவின்ரூட் என்ற அவுட்போர்டு பிராண்டின் உற்பத்தி 2020-இலேயே நின்றுவிட்டது.

ஃபோர்-ஸ்ட்ரோக் சட்டென ஸ்டார்ட் ஆகும், எண்ணெய் கலக்கும் வேலை இல்லை. படகு கவிழ்ந்தால்தான் வம்பு. சம்ப்பில் (எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) இருக்கும் எண்ணெயில் தண்ணீர் கலந்துவிடலாம். பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, எண்ணெயை மாற்றும் வரை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

முதல் சீசனுக்கு என் தேர்வு: உங்கள் வகுப்பில் அதிகம் பேர் ஓட்டும் எஞ்சின். உதிரிபாகமும் ப்ரொப்பெல்லரும் கரையிலேயே கடன் கிடைக்கும்.