வாசகர் கேள்வி: கூகுளில் முதலில் வருவதை அப்படியே எழுதும் மாணவர்கள்

கேள்வி: பள்ளி நூலகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் செயல்திட்டம் என்றால் கூகுளில் முதலில் வருவதை அப்படியே எழுதிக் கொடுக்கிறார்கள். வாரம் ஒரு பாடவேளைதான் எனக்குக் கிடைக்கும். பாட ஆசிரியரோடு சேர்ந்து என்ன செய்யலாம்?
– வாசகி, தென்காசி

பதில்: இணையத்தில் தேடுவது எப்படி என்று தனியாகப் பாடம் நடத்தினால் மனதில் ஒட்டாது. செயல்திட்டம் கொடுக்க இரண்டு வாரம் இருக்கும்போதே சமூக அறிவியல் ஆசிரியரோடு உட்காருங்கள். முதலில் மாற வேண்டியது தலைப்பு. ‘மக்கள்தொகைப் பெருக்கம் பற்றி எழுதுக’ என்றால் நகல்தான் வரும். ‘2001-க்கும் 2011-க்கும் இடையில் நம் ஊரில் மக்கள்தொகை எவ்வளவு மாறியது, ஏன்?’ என்று கேட்டால் கணக்கெடுப்பு அட்டவணையைத் தேடித்தான் ஆக வேண்டும். மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் கிராம வாரியாக எண்கள் உண்டு. அந்த பிடிஎஃபை நீங்கள் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். பெரிய கோப்பு, வகுப்பு நேரத்தில் இறங்காது.

உங்கள் பாடவேளைக்கு ஒரு படம் போதும். ‘தீபாவளி இரவில் இந்தியா, நாசா எடுத்தது’ என்று ஆண்டுதோறும் வாட்ஸ்அப்பில் சுற்றும் வண்ணப் படம். உண்மையா என்று கேட்டால் பிள்ளைகள் படத்தையே உற்றுப் பார்ப்பார்கள். நாசா என்று போட்டிருக்கிறதே என்பார்கள். பிசகு அங்கேதான். படத்தை விட்டுவிட்டு, புதிய டேபில் அதைப் பற்றி வேறு யார் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டால் வதந்தியைப் பகிர்ந்த பக்கங்களே வரிசையாக வரக்கூடும். பத்துப் பேர் சொன்னதால் மெய்யாகிவிடாது. தேடுசொல்லோடு நாசாவின் இணைய முகவரியையும் சேர்த்துத் தேடினால், 2012-ல் அவர்களே வெளியிட்ட விளக்கம் கிடைக்கும். அது அமெரிக்க விஞ்ஞானி கிறிஸ் எல்விட்ஜ் 2003-ல் பல ஆண்டுத் தரவுகளைச் சேர்த்து உருவாக்கிய படம். வெள்ளை, 1992-க்கு முன்பே இருந்த நகர வெளிச்சம். நீலம் 1992-லும், பச்சை 1998-லும், சிவப்பு 2003-லும் புதிதாகத் தெரிந்தவை. மக்கள்தொகைப் பெருக்கத்தைக் காட்டத்தான் அதைச் செய்தார்கள். இந்த இடத்தில் ஆசிரியர் பாடத்தைக் கையில் எடுத்துக்கொள்ளலாம்.

பத்து மதிப்பெண்ணில் மூன்றைத் தேடல் குறிப்புக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்: என்ன சொல் போட்டுத் தேடினாய், எந்தப் பக்கத்தை ஒதுக்கினாய், ஏன்? மதிப்பெண் இல்லாவிட்டால் யாரும் எழுத மாட்டார்கள். கூகுள் மேலே காட்டும் ஏஐ சுருக்கத்தை ஆதாரமாக ஏற்காதீர்கள். அதற்குரிய இணைப்பைத் திறந்து, அந்தச் செய்தி உள்ளே இருக்கிறதா என்று பார்த்தால்தான் மதிப்பெண்.

கேள்வி: விக்கிப்பீடியாவை அனுமதிக்கலாமா?
– ஆசிரியர், நாகப்பட்டினம்

பதில்: தாராளமாக, தேடலைத் தொடங்க மட்டும். கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள்களில் இரண்டையாவது திறந்து படிக்கச் சொல்லுங்கள். தமிழ்க் கட்டுரையில் மேற்கோள் இல்லையென்றால் அதே தலைப்பின் ஆங்கிலப் பக்கத்துக்குப் போகலாம். அதற்கான ஆங்கிலச் சொற்களை மட்டும் ஆசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட வேண்டும். எழுத்துப் பிழையால் தேடல் பாதியில் நின்றுபோவது வாடிக்கை.