வலைப்பூ வைத்திருப்போர் கேள்வியும் பதிலும்

கேள்வி: பொழுதுபோக்காக ஒரு வலைப்பூ தொடங்க ஆசை. பிளாகர், வேர்ட்பிரஸ், ஹியூகோ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதில் தொடங்குவது?

பதில்: எதில் வேண்டுமானாலும் தொடங்குங்கள், ஆனால் சொந்த டொமைன் பெயரோடு, அதாவது உங்களுக்கென்று பதிந்துகொள்ளும் இணைய முகவரியோடு தொடங்குங்கள். மென்பொருளை நாளைக்கே மாற்றிக்கொள்ளலாம். முகவரி மாறினால், அதுவரை பிறர் உங்களுக்குக் கொடுத்த இணைப்புகள் எல்லாம் அறுந்துபோகும்.

வாரம் ஒன்று எழுதுவேன், நுட்ப வேலை எதிலும் கை வைக்க மாட்டேன் என்பவருக்கு பிளாகர் போதும். 1999இல் வந்தது, 2003இல் கூகுள் கைக்குப் போனது, இன்றும் இலவசம். சொந்த டொமைனையும் இணைக்க விடுகிறது. அதில் புதுமை எதுவும் வருவதில்லை என்ற குறை உண்டு. எழுத வந்தவருக்கு அது குறையே இல்லை. வாடகை சர்வரில் வேர்ட்பிரஸ் போட்டால் தோற்றமும் வசதிகளும் உங்கள் விருப்பம்தான், கூடவே அப்டேட் வேலையும் உங்கள் தலையில். கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணைநிரல்களான பிளகின்களை ஐந்தாறுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மறந்துபோன பழைய பிளகின்தான் திருடன் நுழையும் பின்வாசல். ஹியூகோ உங்கள் கணினியிலேயே பக்கங்களைத் தயாரித்துத் தரும் மென்பொருள், அதில் ஒவ்வொரு பதிவும் ஒரு வெறும் உரைக்கோப்பு. தரவுத்தளம் கிடையாது, உடைவதற்கும் அதிகம் இல்லை. கைபேசியிலேயே எழுதி ஏற்றும் பழக்கம் உள்ளவருக்கு மட்டும் அது ஒத்துவராது.

டொமைன் வாங்கும்போது இரண்டு விஷயம். பதிவு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், வடிவமைத்துக் கொடுப்பவர் பெயரில் அல்ல. தொடர்பு மின்னஞ்சலாக அதே டொமைனில் உள்ள முகவரியைக் கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் சேர்ந்தே படுத்துவிடும், அதன்பிறகு அனுப்பப்படும் எச்சரிக்கை ஒன்றும் உங்களுக்கு வராது. டாட் காம் போன்ற பெயர்களுக்கு, பதிவு நீக்கப்பட்ட பிறகும் 30 நாள் மீட்புக்காலம் உண்டு. ஆனால் மீட்புக் கட்டணம் புதுப்பிப்புக் கட்டணத்தைவிடப் பல மடங்கு.

கேள்வி: என் பதிவுகளின் முகவரியைப் பகிர்ந்தால் சதவீதக் குறிகளாக ஒரு முழம் நீளத்துக்கு வருகிறது. தலைப்பைத் தமிழில் வைப்பதாலா?

பதில்: அதனால்தான். இணைய முகவரிக்குள் தமிழ் எழுத்து நேரடியாகப் போவதில்லை. கணினி எழுத்துகளுக்கான பொதுத் தரமான யுனிகோடின் யுடிஎஃப்-8 வடிவில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகிறது. 'மழை' என்பதில் ம, ழ, ஐகாரக் குறி என மூன்று குறிகள். முகவரியில் அது 27 எழுத்தாக விரியும். முகவரியில் தலைப்பிலிருந்து உருவாகும் இந்தத் துண்டை வேர்ட்பிரஸ் 200 எழுத்தோடு வெட்டிவிடும், அதாவது ஏறக்குறைய 22 தமிழ்க் குறிகள். நீளமான தலைப்பு பாதியில் நின்றுபோவது இதனால்தான். பிளாகர் இன்னொரு விதம்: தமிழை முழுக்கத் தள்ளிவிட்டு 'பிளாக் போஸ்ட்' என்று ஆங்கிலத்தில் போட்டு, அடுத்தடுத்த பதிவுகளுக்குப் பின்னால் ஓர் எண்ணை ஒட்டும். எது எந்தப் பதிவு என்று உங்களுக்கே தெரியாது.

தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். முகவரித் துண்டை மட்டும் ஆங்கில எழுத்தில், சிறிய எழுத்துகளாக, இரண்டு மூன்று சொல்லில், நடுவே சிறுகோடு இட்டு நீங்களே எழுதிக்கொடுங்கள். வெளியிடும் பொத்தானை அழுத்துவதற்கு முன் இதைச் செய்யுங்கள். வெளியான பதிவின் முகவரியை மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், பழையதிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திசைமாற்றம் போடாமல் மாற்றாதீர்கள்.

கேள்வி: என் வலைப்பூவிலேயே 'கௌரவம்' என்று தேடினால் சில பதிவுகள் வருகின்றன, சில வருவதில்லை. கண்ணெதிரே அந்தச் சொல் இருக்கிறது. என்ன கோளாறு?

பதில்: கோளாறு தட்டச்சில். ஔகாரக் குறியின் வலப்பக்கத் துண்டு பார்ப்பதற்கு 'ள' போலவே இருக்கும். அதனால் பலர் 'கெ' அடித்து, பின்னால் 'ள' அடித்துவிடுகிறார்கள். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு சொல். யுனிகோடு அல்லாத பழைய பாமினி, தாப் எழுத்துருக்களிலிருந்து யுனிகோடுக்கு மாற்றிய பதிவுகளிலும் இது மொத்தமாக நிகழும், ஏனெனில் அந்த மாற்றிக்கு எது ஔகாரம், எது ளகரம் என்று பிரித்தறிய வழியில்லை.

சோதிப்பது எளிது. 'கௌ' முடியும் இடத்தில் கர்சரை வைத்து ஒரே ஒரு முறை பேக்ஸ்பேஸ் அழுத்துங்கள். 'க' மட்டும் நின்றால் சரியாக அடித்திருக்கிறீர்கள். 'கெ' நின்றால் நீங்கள் அடித்தது ளகரம். பெரும்பாலான எழுதும் செயலிகளில் இந்தச் சோதனை வேலை செய்யும். உயிரெழுத்து ஔவிலும் இதே தொல்லை: 'ஒ'வும் 'ள'வும் சேர்த்து 'ஒளவை' என்று அடித்த பதிவு, 'ஔவை' என்று தேடுகிறவருக்குக் கிடைக்காது.

இன்னொன்று, 'கொ' என்பதை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனி என இரண்டாகவும் சேமிக்கலாம். யுனிகோடு இரண்டையும் சமமென்று சொல்கிறது, எல்லாத் தேடல் நிரலும் அப்படி எடுத்துக்கொள்வதில்லை. பழைய பதிவுகளைக் கோப்பாக இறக்கி, என்எஃப்சி என்ற யுனிகோடு சீராக்கத்தை ஒரு முறை ஓட்டினால் இது தீரும். ளகரப் பிழை அதில் தீராது. அதைச் சொல் சொல்லாகத்தான் மாற்ற வேண்டும்: கௌரவம், மௌனம், சௌகரியம், பௌர்ணமி, யௌவனம்… பட்டியல் சிறியதுதான். 'கெள' என்பதை மொத்தமாக மாற்ற மட்டும் துணியாதீர்கள். 'கெளுத்தி' மீன் 'கௌுத்தி' ஆகிவிடும்.

கேள்வி: படங்கள் போட்டால் பக்கம் திறக்க நேரமாகிறது. படத்தின் தரம் குறையாமல் என்ன செய்யலாம்?

பதில்: கைபேசிப் படம் பொதுவாக 4000 × 3000 பிக்சல், மூன்று நான்கு எம்பி. உங்கள் பக்கத்தில் எழுத்து ஓடும் அகலம் 700 பிக்சல்தான் இருக்கும். அடர்த்தியான திரைக்காக அதை இரட்டித்தாலும் 1400 போதும். அகலத்தை அதற்குக் குறைத்து, ஜேபெக் தரத்தை 75 முதல் 80க்குள் வைத்துச் சேமித்தால் பெரும்பாலும் 300 கேபிக்குள் அடங்கும். வெப்பி (WebP) என்ற பட வடிவில் இன்னும் குறையும். எழுத்துள்ள திரைப்பிடிப்புகளை ஜேபெக்கில் சேமிக்காதீர்கள், எழுத்தைச் சுற்றி அழுக்குப் படியும்; அதற்கு பிஎன்ஜி. படத்தின் அகலத்தையும் உயரத்தையும் குறிப்பிட்டுவிட்டால், படம் வந்து இறங்கும்போது படித்துக்கொண்டிருக்கும் வரி துள்ளி ஓடாது.

நீங்கள் கேட்காத ஒன்று: கைபேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதிந்திருக்கக்கூடும். வீட்டு மாடியில் பூத்த செம்பருத்தியின் படம் வீட்டு விலாசத்தையே சொல்லிவிடும். அளவைக் குறைப்பதால் மட்டும் அது அழியாது. ஏற்றுவதற்கு முன் இட விவரத்தை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: மாதம் ஒரு முறை எக்ஸ்போர்ட் செய்து வைக்கிறேன். அது போதுமா?

பதில்: எழுத்துக்குப் போதும், படங்களுக்குப் போதாது. வேர்ட்பிரஸ், பிளாகர் இரண்டிலும் பதிவுகளை இறக்கினால் வரும் எக்ஸ்எம்எல் கோப்பில் உரை இருக்கும், படங்களின் முகவரி மட்டும் இருக்கும். மூல இடத்தில் படம் போனால் அந்த முகவரியை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே நீங்கள் ஏற்றும் ஒவ்வொரு படத்தையும் ஆண்டுவாரியாக ஒரு கோப்புறையில் போட்டு வாருங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே என்ற பழைய கணக்கு இங்கும் செல்லும்.

திருப்பி ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை, பூட்டிவைத்த ஒரு வெற்று வலைப்பூவில் அந்தக் கோப்பை ஏற்றி, பதிவுகளின் எண்ணிக்கை ஒத்துவருகிறதா, தமிழ் எழுத்து கேள்விக்குறியாக மாறாமல் வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: என் பக்கம் படிக்கச் சிரமமாக இருக்கிறது என்கிறார்கள். எழுத்துருவை மாற்றினால் சரியாகுமா?

பதில்: எழுத்துருவைவிட அளவுகள்தான் முக்கியம். ஆங்கிலத்துக்காகச் செய்த வார்ப்புருவில் எழுத்து 16 பிக்சல், வரி உயரம் 1.4 என்று இருக்கும். தமிழுக்கு 18, 1.7 என்று வையுங்கள். கொம்பும் சுழியும் மூச்சுவிடும். இருபக்கமும் சீராக வெட்டும் ஜஸ்டிஃபையை எடுத்துவிடுங்கள். நம் சொற்கள் நீளம், கைபேசித் திரையில் வரிக்கு மூன்று சொல்தான் விழும், நடுவில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். சாய்வெழுத்தும் வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே கிடையாது, பிரவுசர் நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்த்துக் காட்டுகிறது. பக்கத்தின் மொழிக் குறிப்பு 'ஆங்கிலம்' என்றே விடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதைத் தமிழ் என்று மாற்றினால்தான், பார்வையற்றோருக்குப் பக்கத்தைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் சரியான குரலைத் தேர்ந்தெடுக்கும்.

வேர்டிலிருந்து அப்படியே ஒட்டும் வழக்கம் இருந்தால் இவ்வளவும் வீண். அதன் எழுத்தளவும் வெள்ளைப் பின்னணியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி வெறும் உரையாக ஒட்டுங்கள்.

கேள்வி: குப்பைப் பின்னூட்டங்கள் குவிகின்றன. பின்னூட்டத்தையே மூடிவிடலாமா?

பதில்: முழுவதும் மூட வேண்டாம். குப்பை பெரும்பாலும் பழைய பதிவுகளைத்தான் தேடி வரும். 14 நாள் தாண்டிய பதிவுகளுக்கு மட்டும் பிளாகரில் ஒப்புதல் கேட்கும்படி வைக்கலாம், வேர்ட்பிரஸில் தானாக மூடும்படியே வைக்கலாம். இணைப்பு இரண்டு இருந்தால் நிறுத்திவை என்ற விதி வேர்ட்பிரஸில் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஒன்றாகக் குறையுங்கள்.

கேள்வி: தொடங்கி மூன்று மாதத்தில் கை ஓய்ந்துவிடுகிறது. எத்தனை நாளுக்கு ஒரு முறை எழுதினால் நிற்கும்?

பதில்: நாள் கணக்கைவிடக் கையிருப்புக் கணக்குப் பாருங்கள். முடித்த பதிவு நான்கு கையில் இருந்தால் ஒன்றை வெளியிடுங்கள். இரண்டாகக் குறைந்தால் வெளியிடுவதை நிறுத்தி எழுதுங்கள். பாதி எழுதியது கையிருப்பில் சேராது.