பில் புத்தகத்துக்கு எண் போட மென்பொருள் வாங்க வேண்டுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் சின்ன அச்சகம் நடத்துகிறேன். தேங்காய் மண்டி ஒன்றுக்கு 50 பில் புத்தகம், புத்தகத்துக்கு 100 பில். 1001 முதல் 6000 வரை எண் வேண்டும். லினக்ஸில் வரிசை எண் தரும் ‘சீக்’ (seq) கட்டளையை ‘சீக் 1001 100 6000’ என்று கொடுத்தால் 50 எண்தான் வருகிறது. உதவிப் பக்கம் புரியவில்லை. எண் போடும் மென்பொருள் விற்க ஓர் ஏஜென்ட் வந்துபோகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நடுவில் நீங்கள் போட்ட 100-தான் சிக்கல். அது புத்தகத்துக்கு எத்தனை பில் என்பதல்ல. ஒவ்வொரு முறையும் எவ்வளவு கூட்டிக்கொண்டு போவது என்பது. அதனால்தான் 1001, 1101, 1201 என்று தாவித் தாவி 5901-இல் நின்றுவிட்டது. அடுத்து 6001 வரும், அது 6000-ஐத் தாண்டுகிறது. ‘சீக் 1001 6000’ என்று மட்டும் கொடுங்கள். 5000 எண்ணும் வரிசையாக வரும். முதலில் வந்த 50 எண்ணையும் அழிக்க வேண்டாம், அவை ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பில் எண்கள். அட்டையில் போட உதவும்.

தவறு உங்களுடையது அல்ல. உதவிப் பக்கம் கட்டளையின் மூன்று வடிவங்களை மூன்று வரியில் அடுக்கிவிட்டு, சுருக்கமான விளக்கத்தோடு நகர்ந்துவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டுகூட இல்லை. எடுத்துக்காட்டுகள் எல்லாம் ‘இன்ஃபோ’ (info) என்ற தனிக் கையேட்டுக்குள் கிடக்கின்றன. அச்சகத்தில் வேலையைப் போட்டுவிட்டு யார் அங்கே போய்த் தேடுவார்கள்? இந்தக் குழப்பத்தை வைத்துத்தான் ஏஜென்ட்டுகள் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். வருட சந்தா, பூட்டுச் சாவி, ‘புதுப்பிக்காவிட்டால் ஓடாது’ என்ற மிரட்டல். லினக்ஸோடு இலவசமாக வரும் கட்டளை செய்கிற வேலைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கடைசி எண்ணிலிருந்து இறங்கு வரிசை வேண்டுமானால் ‘சீக் 6000 -1 1001’. அந்த -1 இல்லாவிட்டால் லினக்ஸில் ஒன்றுமே வராது, பிழைச் செய்தியும் வராது.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். முன்னால் பூஜ்யம் சேர்க்க யாராவது ‘-எஃப் %08ஜி’ (-f %08g) என்று சொல்லித் தருவார்கள். அந்த ‘ஜி’ ஆறு இலக்கத்துக்கு மேல் தாங்காது. எண் 999999 வரை சரியாக இருக்கும். பத்து லட்சத்தைத் தொட்டதும் ‘0001ஈ+06’ (0001e+06) என்று அச்சாகும். அதைவிட மோசம், 1000001, 1000002 ஆகியவையும் அதே உருவத்தில்தான் வரும். ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில் எண் 16 எழுத்துக்குள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் இரண்டு பில்லுக்கு ஒரே எண் வரக் கூடாது. மாட்டிக்கொள்வது மண்டிக்காரர், திட்டு வாங்குவது நீங்கள். ‘ஜி’ இருக்கும் இடத்தில் ‘.0எஃப்’ போடுங்கள்: ‘%08.0எஃப்’ (%08.0f). எல்லா எண்ணும் ஒரே அகலத்தில் இருந்தால் போதும் என்றால் ‘-டபிள்யூ’ (-w) ஒன்றே போதும்.

கட்டளைகளை ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். தாளை ஏற்றுவதற்கு முன் ‘சீக் 1001 6000 | டபிள்யூசி -எல்’ (seq 1001 6000 | wc -l) கொடுத்துப் பாருங்கள், அது மொத்தம் எத்தனை எண் என்று எண்ணிச் சொல்லும். 5000 என்று வந்தால் அச்சுக்கு அனுப்பலாம்.